தேறிட்டா

ஜூன் 6

அக்கா,

போன் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். போன தடவை நீ அழுதாய், நான் வைத்துவிட்டேன். அதற்கு முந்தின தடவை நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். கடிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. உனக்கும் ஷிப்ட் முடிந்து சும்மா உட்கார ஒரு சாக்கு கிடைக்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மகள் ஏன் இப்படிக் கறுத்துப்போனாள், முடி ஏன் துடைப்பம் மாதிரி நிற்கிறது என்று கேட்டாய். போட்டோ அனுப்பியது என் தப்பு. நான் அவளைப் பட்டினி போடவில்லை, என் துணியைத் துவைக்கச் சொல்லவில்லை. எல்லாம் நகராட்சிக் குளத்தில் கொட்டுகிற குளோரினும் உச்சி வெயிலும் செய்த வேலை.

டாக்டர் சொன்னதை நான் உனக்குச் சரியாகச் சொல்லவில்லையோ என்று சந்தேகம். இந்த இரைப்பு உள்ளவர்களுக்கு மூச்சை இழுப்பதில் பெரிய கஷ்டம் இல்லையாம். உள்ளே போனதை வெளியே விடத்தான் முடியவில்லையாம். தண்ணீருக்குள் முகத்தை வைத்து ஊதி ஊதி வெளியே விட்டுப் பழகினால் நெஞ்சு விரியும் என்றார். வாயில் அடிக்கிற மருந்து போக, அவ்வளவுதான் வைத்தியம். மற்றபடி அவளை உங்கள் பஞ்சாலைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்றார். அதை நீயே காதால் கேட்டாய்.

குளத்தில் மதியம் நோயாளிகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வெயிலில் வேறு யாரும் இறங்க மாட்டார்கள் என்பதால் வந்த கருணை. பலகையில் ‘சிகிச்சை நேரம்’ என்று எழுதியிருக்கிறது. டிக்கெட் கிழிக்கிறவன் வாயில் அது ‘சீக்கு நேரம்’. “சீக்கு எத்தனை பேரு?” என்று கேட்டுவிட்டுத்தான் கிழிப்பான். அவளுக்குப் பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிகிறது, எனக்குச் சாப்பாட்டு இடைவேளை. ஓட்டல் சலவைக் கூடத்திலிருந்து குளம் இரண்டு தெரு. நான் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுகொண்டே “ஊது, ஊது” என்பேன். அவள் படியை விட்டு இறங்காமல் அழுவாள். பக்கத்தில் முட்டி மாற்றிய ஒரு லாரி ஓட்டுநர் மிதப்பார். “அழுதுக்கிட்டே ஊது பாப்பா, ரெண்டும் ஒண்ணுதான்” என்று அவர் ஒரு நாள் சொன்னார். அதற்குச் சிரித்துவிட்டு இறங்கினாள்.

பிறகு ஒரு நாள் ஊதிக்கொண்டே போனவள் நடுக்குளத்தில் இருந்தாள். காலுக்குக் கீழே தரை இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ரொட்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அவள் அக்கரை போய் ஏறி, எதற்கு நான் எழுந்து நிற்கிறேன் என்று பார்த்தாள். நீச்சல் என்பது இப்படித்தான் வருகிறதுபோல. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது பரவாயில்லை. நெஞ்சில் அந்த விசில் சத்தம் குறைந்திருக்கிறது. ஆனாலும் அவள் பெயர் விசில்தான். மாற்றும் உத்தேசமில்லை.

ஓட்டலில் ஏதோ மாநாடு. படுக்கை விரிப்புகள் என் தலைக்கு மேல் குவிந்து கிடக்கின்றன. ஆறு மணிக்கு மெஷின் முன்னால் நின்றால் சாயங்காலம்தான் உடம்பு என்னுடையது. நிறுத்துகிறேன்.

உன் தங்கை


ஜூன் 17

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் சின்னவன் பேனாவைப் பிடுங்குகிறான். இப்போது தூங்குகிறான்.

முதலில் ஒன்று. அவளை விசில் என்று கூப்பிடாதே. நாலு பேர் முன்னால் வியாதியைப் பெயராக வைத்துக் கூப்பிடுவது என்ன பழக்கம்? பாப்பா என்று கூப்பிட உனக்கு வாய் வலிக்குமா?

உன் மாமாவிடம் ‘தண்ணி வைத்தியம்’ என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் ஆவி பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்றுக்கூட, “இன்னுமா ஆவி பிடிக்கிறா? இந்நேரம் கல்லே வெந்திருக்குமே” என்றார். நான் திருத்தவில்லை. திருத்தினால் என்ன உடை, எத்தனை ஆண்கள், யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன். என்ன உடை? அந்த லாரி ஓட்டுநர் எப்படிப்பட்ட ஆள்?

நீ கோபப்படுவாய் என்று தெரியும். உனக்குப் பிள்ளை இல்லை என்று நான் சொல்லவில்லை, நீயாக அப்படி எடுத்துக்கொள்ளாதே. அவள் இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. சின்னவன் வாசலில் நின்று போகிற பஸ்ஸுக்கெல்லாம் கையசைக்கிறான். நூல் அறுந்தால் கை தானாக முடிச்சுப் போடுகிறது, மனசு எங்கேயோ இருக்கிறது. மேஸ்திரி கத்துகிறார்.

மில்லில் மேற்குப் பக்கம் வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பஞ்சு பறந்து வராது. கிடைத்துவிட்டால் டாக்டர் சொன்ன தடையும் இல்லை. நீ பெரிய பெரிய கடிதம் எழுத வேண்டாம். உனக்கும் நேரமில்லை, எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமில்லை. ‘தேறிட்டா’ என்று ஒரு வார்த்தை எழுது, போதும். அடுத்த பஸ்ஸில் அவர் வந்து அழைத்துக்கொண்டு போவார்.

நீ மதியம் வெறும் ரொட்டிதான் தின்கிறாயா?

அக்கா


ஜூலை 2

அக்கா,

உடை கழுத்திலிருந்து தொடை வரை கறுப்பு. லாரி ஓட்டுநருக்கு மூன்று பேத்திகள். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இடுப்பிலோ முட்டியிலோ வலி, யாரையும் நிமிர்ந்து பார்க்கிற நிலையில் இல்லை. போதுமா?

இனி என் விஷயம். போன வாரம் காலையில் குளத்து மோட்டார் கெட்டுப்போனதால், காலைக் கூட்டத்தை மதியம் கொண்டுவந்து விட்டார்கள். காலைக் கூட்டம் என்றால் சந்தா கட்டி நீந்துகிற பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி, தொப்பி, தொப்பிக்கு ஒரு பை, பையைத் தூக்க ஒரு வேலைக்காரி. அவர்கள் வந்ததும் எங்கள் ஆட்களை ஓரத்துக்கு ஒதுக்கினார்கள். அவர்கள் நீந்திய தண்ணீரில் நாம் தினமும் இறங்கலாம். நாம் இறங்கிய தண்ணீரில் அவர்கள் இறங்குவதற்கு ஒரு அம்மா மூக்கைச் சுளித்தாள். சளி கலந்திருக்குமாம்.

பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்தி வந்திருந்தாள். குட்டையானவள், எப்போதும் தொண்டை கட்டிய குரல். அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அக்கரை வரை போகச் சொன்னாள். ஓரமாக ஊதிக்கொண்டிருந்த உன் மகளை யாரும் கேட்கவில்லை. இவளாகவே அவர்களோடு கிளம்பினாள். அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

“யார் அந்தப் பொண்ணு?” என்றாள் கோச்சம்மா.

“அது சீக்கு மேடம்” என்றான் டிக்கெட்காரன்.

“சீக்கு மாதிரி தெரியலையே.”

அவ்வளவுதான் நடந்தது. மறுநாளிலிருந்து கோச்சம்மா மதியத்திலும் வர ஆரம்பித்தாள். அடுத்த மாதம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பந்தயம் வைக்கிறார்களாம். அதற்கு முன்னால் ஆள் பொறுக்குகிறார்கள். பந்தயத்தில் இறங்கப் பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும். காகிதம் இதோடு இருக்கிறது. சித்தி போட்டால் செல்லாது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இதற்குள் மூக்கைச் சுளித்த அம்மா குளத்து மேனேஜரிடம் போய்விட்டாள். நோய்க்கென்று சலுகை வாங்கிக்கொண்டு எங்கள் பிள்ளைகளை ஜெயிக்க வருவது என்ன நியாயம் என்று கேட்டாளாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நோயாளியா வீராங்கனையா, ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள் என்றார். வியாதிக்காரி ஜெயிக்கக் கூடாதாம். ஜெயித்துவிட்டால் வியாதி பொய்யாம். மில் பஞ்சு அவள் நெஞ்சில் இருக்கிறதே, அதை எடுத்துக் காட்டவா என்று கேட்டேன். அந்தக் கூட்டம் போட்டிருக்கும் சட்டைக்கு நூல் நூற்றது யார் என்றும் கேட்டிருக்கலாம். பிறகுதான் தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடும்போது செருப்புகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தவள் இவள். அது உனக்கு நினைவிருக்கும். கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

தங்கை


ஜூலை 11

வாயாடிக்கு,

காகிதம் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. வைத்தியத்துக்குப் பந்தயம் எதற்கு? மருந்து குடிக்கிறதில் முதல் பரிசு உண்டா? அவளை நான் ஜெயிக்க அனுப்பவில்லை. மூச்சு விட அனுப்பினேன்.

நீ சின்ன வயதிலேயே எதற்கெடுத்தாலும் வரிந்துகட்டுவாய். யாரோ ஒரு பணக்கார அம்மா மூக்கைச் சுளித்தாள் என்று என் பெண்ணை நீ பந்தயத்தில் விடுகிறாயா? உனக்கு அந்த அம்மாவோடு இருக்கிற சண்டையை அவள் ஏன் நீந்த வேண்டும்? அப்படி இல்லை என்றால் இல்லை என்று எழுது.

அவள் தினமும் மருந்து அடித்துக்கொள்கிறாளா? பந்தயம் என்று மூச்சு முட்டி ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கோச்சம்மா வந்து நிற்பாளா, மேனேஜர் வருவாரா? நான் இங்கே மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.

கையெழுத்து பிறகு பார்க்கலாம். உன் மாமா இப்போதெல்லாம் சாயங்காலம் பேசுவதில்லை. வந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். இருவருக்கும் ஒரே ஷிப்ட் கிடைத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம் என்று முன்பு ஆசைப்பட்டோம். கிடைத்துவிட்டது. பார்க்கத்தான் தெம்பில்லை. அவள் இருந்தால் ஏதாவது வம்பு பேசிச் சிரிக்கவைப்பாள்.

அக்கா


ஜூலை 19

அக்கா, மெஷின் பக்கத்தில் நின்று இந்தக் கார்டை எழுதுகிறேன். விசில் தேறிட்டா. கைக்கு ஓய்வில்லை. மற்றது ஞாயிற்றுக்கிழமை விவரமாக எழுதுகிறேன்.

தங்கை


ஜூலை 22

என் கண்ணே,

கார்டு நேற்று சாயங்காலம் வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு உள்ளே வந்து உன் மாமாவுக்குச் சத்தமாகப் படித்தேன். அவர் வாங்கிப் பார்த்தார். நாலு வரிக்கு மேல் இல்லை என்றாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்று காலை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வேலைக்குப் போய்விட்டார். அங்கே எல்லோருக்கும் காட்டியிருக்கிறார் போலிருக்கிறது. நான் போனபோது என் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், “தேறிட்டாளாமே?” என்று. சர்க்கரை வாங்கி ஆளுக்கு ஒரு வாய் போட்டேன். மேஸ்திரியும் கை நீட்டினார். அவருக்கும் போட்டேன். இன்றைக்கு முழுக்க இடுப்பு வலிக்கவே இல்லை.

உன்னை என்னென்னவோ எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. பெற்றது நான் என்றாலும் மீட்டுக்கொடுத்தது நீ. அந்த வெயிலில் வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதை நான் மறக்க மாட்டேன்.

அவர் வெள்ளிக்கிழமை வருகிறார். ஆவி இல்லை, நகராட்சிக் குளம்தான் என்று நேற்றே அவரிடம் சொல்லிவிட்டேன், தேறிய சந்தோஷத்தில் என்ன உடை என்றுகூடக் கேட்கவில்லை. பள்ளியில் சொல்லிவிடு. குளத்துக்காரர்களிடம் இனி வரமாட்டாள் என்று சொல்லி, என் நன்றியையும் சொல்லு. அந்தக் கோச்சம்மாவுக்கும்தான். மேற்குப் பக்க வீடு கிடைக்கிற வரைக்கும் சன்னலில் ஈரத் துணி கட்டி வைக்கப் போகிறேன். ஏற்கெனவே அளவு பார்த்துவிட்டேன்.

சின்னவன் இன்றைக்கு பஸ்ஸுக்குக் கையசைக்கவில்லை. அக்கா இறங்குகிற பஸ்ஸுக்கு மட்டும்தான் அசைப்பானாம்.

உன் அக்கா


ஜூலை 28

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மாமா வெள்ளிக்கிழமை வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். உனக்குத் தெரிந்ததுதான். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை விவரமாக எழுதுகிறேன் என்றேன், அன்றும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆள் பொறுக்கினார்களே, அதில் அவள் தேறினாள். அதைத்தான் எழுதினேன். அக்கரை வரை ஒரே ஒரு நீளம் விட்டார்கள், இரண்டாவதாக வந்தாள். பெயரைப் பலகையில் எழுதினார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மெஷின் பக்கத்தில் நின்று எழுதினேன். நீ எந்த வார்த்தையை எழுதச் சொன்னாயோ அதே வார்த்தை. நீ கேட்டது என் மண்டையில் இருந்திருந்தால் வேறு வார்த்தை எழுதியிருப்பேன். இல்லை. ஈரத் துணியும் நீராவியும்தான் இருந்தன.

மாமா நேரே குளத்துக்குப் போயிருக்கிறார். மில் சட்டையோடு, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு. டிக்கெட்காரனிடம் என் பொண்ணு தேறிட்டாளா என்று கேட்டிருக்கிறார். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக மரியாதையாகப் பேசியிருக்கிறான். தேறிட்டாங்க சார், பிரமாதமா தேறிட்டாங்க என்று சொல்லியிருக்கிறான். பலகையையும் காட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் குணமானவர்கள் பெயரை எழுதிப்போடுவார்கள் என்று மாமா நினைத்தாரோ என்னவோ.

பிறகு சலவைக் கூடத்து வாசலுக்கு வந்து அறைச் சாவி கேட்டார். பக்கத்தில் அவள், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட. நான் சொல்லிப் பார்த்தேன்.

“அது வேற தேறுறது மாமா.”

“தேறுறதுல எத்தனை வகைம்மா இருக்கு? நீ எழுதியிருக்கே, அந்த ஆளும் சொல்றாரு. இப்ப மாத்திப் பேசுறே.”

“பந்தயத்துக்குத் தேறியிருக்கா.”

“பந்தயத்துக்குப் போற அளவுக்கு மூச்சு இருக்கில்ல? அப்ப வீட்டுக்கு வர்ற அளவுக்கும் இருக்கும்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சாவியைக் கொடுத்தேன்.

அவள் ஈர உடையைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாளாம். எதிர்த்த டீக்கடைக்காரர் சொன்னார்.

நீ கேட்டாயே, உன் சண்டையை அவள் ஏன் நீந்த வேண்டும் என்று. சரிதான். என் சண்டையும் அதில் இருந்தது. முழுக்க என் சண்டை என்று மட்டும் நினைக்காதே. பெயர் பலகையில் ஏறிய அன்றைக்கு அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் வந்தவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தயம் ஆகஸ்ட் பதினேழு. கோச்சம்மா இன்னும் பெயரை அடிக்கவில்லை. இந்த நாட்களில்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நிறைய வைத்திருந்தாளாம். நீ அடித்த வரியை நான் படிக்கவில்லை. படிக்காமலே தெரியும்.

தங்கை


ஆகஸ்ட் 9

தங்கைக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெளியே போய் நின்றார். சட்டைப்பையிலிருந்த கார்டை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். மில்லில் யாரும் அதைப் பற்றி இப்போது கேட்பதில்லை. நாங்களும் சொல்லவில்லை. சர்க்கரை தின்ற வாயிடம் என்ன சொல்வது?

அவள் வந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவள் விருந்தாளி மாதிரி இருந்தாள். தண்ணீர் வேண்டும் என்றால் கேட்டுவிட்டுக் குடிக்கிறாள். தட்டைக் கழுவி வைக்கிறாள். “சித்தி வீட்டுல” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். எனக்கு வலிக்கும் என்று நிறுத்துகிறாள். அதுதான் அதிகம் வலிக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் துணி துவைக்கிற தொட்டியில் அவள் தலை முழுக்க உள்ளே இருக்கிறது. சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறான். நான் பையைப் போட்டுவிட்டு ஓடி முடியைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. “அம்மா, மூச்சை விட்டுப் பழகறேன். நீ குறுக்க வந்துட்டே” என்றாள். நிதானமாகச் சொன்னாள், மேஸ்திரி புது ஆளுக்கு வேலை சொல்கிற மாதிரி. அதன் பிறகு தினமும் தொட்டியில் தலையை விடுகிறாள். நான் பார்த்துக்கொண்டு காய் நறுக்குகிறேன்.

ஈரத் துணியால் பயனில்லை. போன வாரத்திலிருந்து சத்தம் ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம்தான். நேற்று அதிகம். தொட்டியில் ஊதிவிட்டு வந்தால் அடங்குகிறது, மறுபடி வருகிறது. மேற்குப் பக்க வீடு பற்றி ‘அடுத்த மாதம்’ என்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோடு காகிதம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் உன் மாமா ஏற்றிவிடுகிறார், நிறுத்தத்தில் வந்து நில்.

ஆனால் ஒரு பேச்சு. ஒரே ஒரு பந்தயம். ஜெயித்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். இல்லையென்றால் மறுநாளே பஸ் ஏற்றிவிடு. சன்னலுக்கு வேறு ஏதாவது வழி பார்க்கிறேன். முதலில் நான் அவளை நோயாளியாக அனுப்பினேன். நோயாளி திரும்பி வருவாள், அந்த நம்பிக்கையில் இருந்தேன். இப்போது அனுப்புவது அப்படி இல்லை. உனக்கு இது புரியுமோ புரியாதோ. அவளிடமும் சொல்லிவிட்டேன். தலையாட்டினாள்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

ஜெயிக்கவில்லை. கடைசிக்கு முந்தின இடம். அவளுக்குப் பின்னால் வந்தவளுக்குக் காலில் பிடிப்பு.

என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் சொல். நான்கு நீளம் போக வேண்டும். முதல் நீளத்தில் உன் மகள்தான் முன்னால். நான் நின்றுகொண்டிருந்தேன், உட்கார முடியவில்லை. சுவரைத் தொட்டாள். தொட்டதும் காலை ஊன்றி நின்றுவிட்டாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்கி, அழகாக மூச்சு வாங்கினாள். மதியக் கூட்டத்துக்குச் சுவர் என்றால் நிற்கிற இடம். லாரி ஓட்டுநர் நிற்பார், இடுப்பு வலிக்காரம்மா நிற்பாள், நின்று ஊதிவிட்டு மெதுவாகக் கிளம்புவார்கள். அவள் உடம்பு படித்தது அதைத்தான். மற்றவர்கள் சுவருக்குக்கிட்ட வந்ததும் தண்ணீருக்குள்ளேயே குட்டிக்கரணம் போட்டு, சுவரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவள் நின்றுகொண்டிருந்தாள். சனங்கள் சிரித்தார்கள். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

அடுத்த சுவரில் அவளும் குட்டிக்கரணம் போடப் பார்த்தாள். மூக்கில் தண்ணீர் ஏறிக் குறுக்கே போனாள். மூன்றாவதில் மறுபடி நின்றாள். அந்தத் திரும்புதலைச் சொல்லிக்கொடுக்க ஒதுக்கியிருந்த நாட்களில்தான் அவள் உன் துவைக்கிற தொட்டியில் ஊதிக்கொண்டிருந்தாள். வந்த பிறகு கிடைத்த நாட்களில் கோச்சம்மா சொல்லித்தான் கொடுத்தாள். உடம்பில் ஏறவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. என்னையும் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அதற்கெல்லாம் தெம்பு போய்விட்டது.

மூக்கைச் சுளித்த அம்மா என்னிடம் வந்து, “பேஷன்டுக்கு இதுவே பெரிய விஷயம்” என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. உன் மகளின் துண்டை எடுத்து மடித்தேன். வேலையில் மடித்து மடித்து, எந்தத் துண்டைப் பார்த்தாலும் கை மடித்துவிடுகிறது.

பேச்சுப்படி மறுநாள் பஸ் ஏற்ற வேண்டும். பையைக்கூடக் கட்டிவிட்டேன். பந்தயம் முடிந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அழவும் இல்லை, ஜெயிக்கலையே, ஊருக்கு அனுப்பிடுவீங்களா என்று கேட்கவும் இல்லை. பாதி வழியில் எழுந்தாள்.

“சித்தி, முதல்ல வந்தவ சுவத்துக்கிட்ட குட்டிக்கரணம் போட்டாளே பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப மூச்சை எங்க வச்சிருந்தா?”

இருமல் வருகிறதா, நெஞ்சு அடைக்கிறதா என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவள் காதில் விழவே இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறந்ததிலிருந்து தன் மூச்சைப் பற்றி மட்டுமே யோசித்தவள், அக்கா. அன்றைக்கு முதல் தடவையாக இன்னொருத்தி மூச்சைப் பற்றி யோசித்தாள்.

கோச்சம்மா காலைக் கூட்டத்தில் கடைசித் தடத்தில் இடம் தருகிறேன் என்கிறாள். ஐந்தரைக்கு வர வேண்டும். மேனேஜரிடம் அவளே பேசிக்கொள்வாளாம். நான் பையை அவிழ்த்துவிட்டேன். பேச்சை மீறியவள் நான். வந்து இழுத்துக்கொண்டு போவதென்றால் நீயே வா, மாமாவை அனுப்பாதே.

தங்கை


ஆகஸ்ட் 26

வாயாடிக்கு,

அனுப்ப வேண்டாம்.

உன் மாமா ஜெயிச்சாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப வரட்டும் என்றார். வரமாட்டாள், நான்தான் வேண்டாம் என்று எழுதப்போகிறேன் என்றேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் சாப்பிடும்போது, தண்ணிக்குள்ள தலைகீழா எப்படித் திரும்புவாங்க என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எச்சில் கையை மேசைமேல் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேற்குப் பக்க வீடு மேஸ்திரியின் மைத்துனனுக்குப் போய்விட்டது. சர்க்கரை வாங்கித் தின்ற அதே மேஸ்திரி. அதனால்தான் வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. வீடு கிடைத்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவள் இங்கேயிருந்து சத்தத்தோடுதான் கிளம்பினாள். மருந்தை நிறுத்திவிடாதே, டாக்டரிடம் ஒரு தடவை காட்டு. பந்தயத்தில் சிரித்தார்களே, அவளுக்கு அது கேட்டதா? தண்ணீருக்குள் கேட்காது என்று சின்னவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தரைக்கு அவளை யார் கொண்டுபோய் விடுவது? ஆறு மணிக்கு உனக்கு மெஷின். அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுந்து, அவளைக் கிளப்பி, விட்டுவிட்டு, ஓடிப்போய் நாள் முழுக்க நின்றால் உன் உடம்பு என்ன ஆகும்? உனக்கு யார் இருக்கிறார்கள் பார்த்துக்கொள்ள? வீராப்புக்கு ஒரு அளவு வேண்டாமா? அந்த லாரி ஓட்டுநரின் பேத்திகள் யாராவது அந்த நேரத்தில் அந்த வழியாக டியூஷனுக்குப் போகிறார்களா என்று விசாரி. மதியம் ரொட்டியோடு வேறு ஏதாவது சேர்த்துச் சாப்பிடு.

அந்தப் பெண் மூச்சை எங்கே வைத்திருந்தாள் என்று நானும் மெஷின் முன்னால் நின்று யோசித்துப் பார்த்தேன். நூல் அறுந்ததுதான் மிச்சம். நேரில் பார்த்தால்தான் தெரியும்போல.

அடுத்த பந்தயம் எப்போது என்று கேட்டு எழுது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எனக்கு லீவு.

அக்கா